விரல்நுனி விதி: அமெரிக்க ஹைஸ்கூல் உடை மரபு குறித்து ஓர் ஆய்வு

0.0 முன்னுரை

ஆராயப்படாத பொருள் எதுவும் உலகில் எஞ்சக் கூடாது என்பது பல்கலைக்கழகங்களின் கொள்கை. முனைவர்கள் பெருகப் பெருகப் பொருள்கள் அருகிவருகின்றன. சங்க இலக்கியத்தில் யானை, சங்க இலக்கியத்தில் யானைத் தந்தம், சங்க இலக்கியத்தில் யானை அல்லாத விலங்குகள் ஆகிய மூன்றும் முடிந்துவிட்டதாகக் கேள்வி. இந்த வறட்சியில் எந்த நெறியாளரின் கண்ணிலும் படாத களம் ஒன்று அட்லாண்டிக்குக்கு அப்பால் கிடக்கிறது. அமெரிக்க ஹைஸ்கூல் பிள்ளைகள் காலையில் எதை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள் என்பதே அது.

ஆய்வுக்குக் கருதுகோள் வேண்டும். “பிள்ளைகள் எதையோ உடுத்துகிறார்கள்” என்பது இவ்வாய்வின் கருதுகோள். முறைப்படி முடிவை முதலில் எழுதிக்கொண்டு, கருதுகோளை அதன் அளவுக்குத் தைத்தாயிற்று.

1.0 ஆய்வு எல்லை

ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, ஏறத்தாழ 14 வயது முதல் 18 வயது வரை உள்ளோர் மட்டும். இவர்கள் ஃப்ரெஷ்மன், சோஃபோமோர், ஜூனியர், சீனியர் என நால்வகைப்படுவர். பிறப்பால் அன்றி ஆண்டால் மேலேறுவர் என்பது இப்பகுப்பின் ஒரே நற்பண்பு.

அரசுப் பள்ளிகள் மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டன. இவற்றின் மேல்வகுப்புகளில் பெரும்பாலும் சீருடை கிடையாது. கலிஃபோர்னியாவின் லாங் பீச் பள்ளி மாவட்டம் 1994-இல் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் சீருடையைக் கட்டாயமாக்கியதும், 1996-இல் அதிபர் கிளிண்டன் நாட்டுக்கு ஆற்றிய ஆண்டு உரையில் சீருடைக்கு ஆதரவாகப் பேசியதும் உண்மை. ஆயினும் பெரும்பாலான ஹைஸ்கூல் மாணவர்கள் தாம் விரும்பியதை உடுத்தும் உரிமையை விடவில்லை. அவ்வுரிமையைப் பயன்படுத்தி எல்லாரும் சாம்பல் நிற ஹூடியில் வருகிறார்கள்.

1.1 கள ஆய்வு முறை

களம்: மினசோட்டா மாநிலத்துப் புறநகர்ப் பள்ளி ஒன்றின் வாசலில், பிள்ளைகளை அழைத்துப்போக நிற்கும் கார் வரிசை. கருவி: காரின் கண்ணாடி. தகவலாளர் 1: பெண், 16 வயது, ஆய்வாளர் வீட்டில் உண்பவர், பொது இடத்தில் ஆய்வாளரை அறியாதவர். ஆய்வாளர் காரை விட்டு இறங்கலாகாது, பாட்டு ஒலிக்கலாகாது, கையசைக்கலாகாது என்ற மூன்று நிபந்தனைகளின் பேரில் தகவல் பெறப்பட்டது. மானிடவியலார் தீவுகளில் பட்ட துன்பங்கள் பெரிது என்பர். அங்கே தீவினர் அவர்களைக் கண்டு வெட்கப்பட்டதாகக் குறிப்பு இல்லை.

2.0 முன்னாய்வுகள்

இப்பொருளில் முன்னாய்வு ஏதும் இல்லை என்று எழுதுவதே வழக்கம். தேடாமல் இருந்துவிட்டால் அதில் பொய்யும் இல்லை. தேடித் தொலைத்துவிட்டதால் மூன்றைச் சுட்ட வேண்டியுள்ளது.

ராபர்ட் லிண்ட், ஹெலன் லிண்ட் தம்பதியர் இண்டியானா மாநிலத்து மன்சி நகரை ஆராய்ந்து ‘மிடில்டவுன்’ என்ற பெயரில் 1929-இல் நூல் வெளியிட்டனர். பருத்திக் காலுறையோடு எந்தப் பெண்ணும் இப்போது ஹைஸ்கூலுக்குப் போக முடிவதில்லை, குளிர்காலத்திலும் பட்டு வேண்டியிருக்கிறது என்று ஒரு தாய் நொந்துகொண்டதை அதில் பதிந்திருக்கிறார்கள். அத்தாயின் கொள்ளுப்பேத்திகள் இன்று ஃப்ளானல் பைஜாமாவில் வகுப்புக்கு வருகிறார்கள். நொந்துகொள்ளும் தாய்மார் தொகையில் மாற்றமில்லை.

ஜேம்ஸ் கோல்மன் இலினாய் மாநிலத்துப் பத்துப் பள்ளிகளை ஆராய்ந்து 1961-இல் ஒரு நூல் எழுதினார். சிறந்த மாணவன், விளையாட்டு வீரன், எல்லாருக்கும் பிடித்தவன் என்ற மூவருள் எவனாக நினைவுகூரப்பட விரும்புகிறாய் என்று பையன்களிடம் கேட்டார். விளையாட்டு வீரன் முந்தினான். இதைக் கண்டறிய இத்தனை உழைப்பு வேண்டுமா என்று கேட்போர் லெட்டர் ஜாக்கெட்டைப் பார்க்கலாம். உடம்பு கம்பளி, கை தோல், நெஞ்சில் பள்ளியின் முதலெழுத்து. 1865-இல் ஹார்வர்ட் பேஸ்பால் அணி சட்டையில் ‘எச்’ எழுத்தைத் தைத்துக்கொண்டதிலிருந்து வரும் மரபு இது. கல்வி நிலையம் மாணவர் நெஞ்சில் அழுத்தமாகப் பதித்த எழுத்து அது ஒன்றுதான் என்பாரும் உளர்.

மூன்றாமவர் மொழியியலாளர் பெனலப்பி எக்கர்ட். 1980-களின் தொடக்கத்தில் டெட்ராய்ட் புறநகர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளோடு கிடந்து, 1989-இல் நூலாக்கினார். பள்ளியையே உலகமாகக் கொண்டு அணி, மன்றம், தேர்தல் என்று அலைவோர் ‘ஜாக்ஸ்’. பள்ளி மணி அடித்தபின் தொடங்கும் ஊரே தம் உலகம் என்றிருப்போர் ‘பர்ன் அவுட்ஸ்’. முன்னவர் பெரும்பாலும் நடுத்தர வர்க்கம், பின்னவர் பெரும்பாலும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். இவ்விரு சாராரும் எங்கே நின்றார்கள், உயிரொலிகளை எப்படி ஒலித்தார்கள் என்பதோடு, ஜீன்ஸின் அடிவாய் பள்ளிக்குள் இடத்துக்கு இடம் எப்படி அகன்றும் குறுகியும் போயிற்று என்பதையும் எக்கர்ட் பதிந்தார். பர்ன் அவுட்ஸ் அகன்ற மணி வடிவத்தைக் கைவிடாதிருக்க, ஜாக்ஸ் நேர்க்குழாய்க்கு மாறிவிட்டிருந்தனர். கால்சட்டை வாயிலிருந்து வர்க்கப் பிரிவினை வரை போன அந்நூல் இன்றும் நிற்கிறது. அவரைக் கேலி செய்ய இடம் கிடைக்காதது இவ்வாய்வாளரின் தனிப்பட்ட வருத்தம்.

2.1 மூலபாடச் சிக்கல்

ஹாலிவுட் படங்களை மூலபாடமாகக் கொள்ளும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ‘க்ரீஸ்’ (1978) படத்தில் மாணவியாக வரும் ஸ்டாக்கர்ட் சானிங்குக்குப் படப்பிடிப்பின்போது வயது 33. அந்த வயதிலும் பள்ளியை விட்டு வெளியேறாதவரின் உடையை விட மதிப்பெண் பட்டியலே ஆராயத் தக்கது.

3.0 திணைப் பகுப்பு

திணை பொருத்தாத தமிழ் ஆய்வேட்டைப் புறத்தேர்வாளர் திருப்பி அனுப்புவார் என்ற அச்சத்தால் பின்வருமாறு பொருத்தப்பட்டது. கேஃபிடீரியா: இருத்தல், அதாவது யாரோடு இருத்தல் என்பது. லாக்கர் வரிசை: காத்திருத்தல். ஜிம்: ஓடலும் ஓடாமைக்குக் காரணம் கூறலும். கழிப்பறை: இரங்கல். கார் நிறுத்துமிடம்: பிரிதல். இது 16 வயதில் ஓட்டுநர் உரிமம் வாங்கியோர்க்கே உரியது. மஞ்சள் பேருந்தில் வரும் சீனியர் புறத்திணை. அப்பேருந்தின் நிறத்தை 1939-இல் கொலம்பியா பல்கலைக்கழக டீச்சர்ஸ் காலேஜில் கூடிய மாநாடு ஒன்று பல மஞ்சள்களைச் சுவரில் மாட்டி ஒப்பிட்டுத் தேர்ந்தது. தொலைவிலிருந்தே கண்ணில் படவேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அதிலிருந்து இறங்கும் சீனியரின் துயரத்துக்கும் அதுவே காரணம்.

பொழுதும் கருப்பொருளும் இடமின்மையால் விடப்பட்டன.

4.0 விரல்நுனி விதி

அமெரிக்கப் பள்ளிகளை வாஷிங்டன் நடத்துவதில்லை. மாவட்டந்தோறும் தனி வாரியம், தனி விதி. ஆயினும் வாரியங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதாலோ, மனிதக் கை செலவின்றி எங்கும் கிடைக்கும் அளவுகோல் என்பதாலோ, ஒரு விதி மட்டும் நாட்டின் பல மூலைகளில் வழங்கிவருகிறது. நிமிர்ந்து நின்று கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டால் விரல் நுனி எட்டும் இடத்தையேனும் ஷார்ட்ஸும் பாவாடையும் கடந்திருக்க வேண்டும். இதை நூற்பாவாக்க வாரியங்களுக்கு நேரமில்லை. அப்பணியும் இவ்வாய்வாளர் தலையில் விழுந்தது:

தொங்கிய கையின் விரல்நுனி கடவா
அரைக்காற் சட்டை அவைக்கா காதே.

நூற்பா என்று ஒன்று இருந்தால் உரை வேண்டும். உரைகாரர் எவரும் முன்வராமையால் நால்வரை ஆய்வாளரே நியமித்துக்கொண்டார். இதில் மரபு மீறல் ஏதுமில்லை. “உரையாசிரியர் சிலர் கூறுவர்” என்று நம் பேராசிரியர்கள் எழுதும்போது அந்தச் சிலர் யார் என்று இதுவரை எவரும் கேட்டதில்லை.

4.1 முதல் உரை

முதல் உரைகாரர் பதவுரையோடு நின்றுகொண்டார். “தொங்கிய கை என்றதனால் நீட்டிய கையும் கட்டிய கையும் செல்போன் பிடித்த கையும் விலக்கப்பட்டன. அரைக்காற் சட்டை என்றது உபலக்கணம், பாவாடையும் கொள்க. அவை என்றது வகுப்பறை, நடைவழி, உணவுக்கூடம் மூன்றையும். விளையாட்டுத் திடல் கொள்ளற்க. ஆங்கு வாலிபால் ஆடும் பெண்களுக்குப் பள்ளியே தரும் ஷார்ட்ஸ் விரல் நுனிக்கு வெகு மேலே நின்றுவிடும் ஆதலின்.”

போட்டி நாளன்று பல பள்ளிகளில் சியர்லீடர்கள் தம் ஆட்ட உடையிலேயே வகுப்புக்கும் வருவர். அந்தப் பாவாடையும் விரல் நுனியைப் பார்த்ததில்லை. பள்ளியின் பெயர் நெஞ்சில் எழுதியிருப்பதால் அது குற்றமாகாது. இதை முதல் உரைகாரர் “புறனடை” என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போய்விட்டார். அடுத்த நூற்பா எழுதப்படவில்லை.

4.2 இரண்டாம் உரை

இரண்டாமவர் முதலாமவரைக் கடுமையாக மறுப்பவர். அதற்காகவே நியமிக்கப்பட்டவர். அவர் கேள்வி இது: கை தொங்குகிறது சரி, தோள் எங்கே இருக்கிறது? தோளைச் சற்று உயர்த்தினால் விரல் நுனியும் கூடவே உயரும். இரண்டு அங்குலக் குறை அரை நொடியில் தீரும். விதி வகுத்தோர் இதையறிந்து “தோள் இயல்பாக இருக்க வேண்டும்” என்று சேர்த்தனர்.

இங்கேதான் இரண்டாமவர் மேதைமை வெளிப்படுகிறது. பதினாறு வயதினருக்குத் தோள் உயர்ந்திருப்பதே இயல்பு என்கிறார். ஐயமுடையோர் எந்தப் பதினாறு வயதினரிடமும் “பள்ளிக்கூடம் எப்படி இருந்தது?” என்று கேட்டுப் பார்க்கலாம் என்றும், “இரவு என்ன சாப்பிடுகிறாய்?”, “யார் அது போனில்?” ஆகிய வினாக்களுக்கும் தோள் அதே உயரத்துக்கே செல்லும் என்றும், ஆகவே அளவை அந்த உயரத்திலேயே எடுக்க வேண்டும் என்றும் வாதிடுகிறார். தகவலாளர் 1-இடம் இக்கருத்து பற்றி வினவப்பட்டது. தோளை உயர்த்தினார்.

4.3 மூன்றாம் உரை

இவருடைய ஏடு செல்லரித்தது. அரித்த இடத்தில்தான் முடிவான சான்று இருந்தது என்பது செல்லரித்த எல்லா ஏடுகளுக்கும் பொது.

எஞ்சிய பகுதியில் ‘நுனி’ ஆராயப்படுகிறது. நுனி என்பது சதையின் முடிவா, நகத்தின் முடிவா? நகமெனின், கடையில் உட்கார்ந்து ஓர் அங்குல நீளத்துக்கு அக்ரிலிக் நகம் ஒட்டிக்கொண்ட பெண் ஓர் அங்குலம் நீண்ட ஷார்ட்ஸ் வாங்கக் கடமைப்பட்டவள் ஆவாள். நகத்தைக் கடிக்கும் பழக்கமுள்ளவளோ தேர்வுக் காலத்தில் குட்டைப் பாவாடைக்குத் தகுதி பெறுவாள். இது தேர்வுப் பதற்றத்துக்கு அரசு தரும் ஊக்கத்தொகையாக முடியும் என்று மூன்றாமவர் அஞ்சுகிறார். நகத்தை விலக்கிச் சதையை மட்டும் கொண்டால், அளக்க வரும் உதவித் தலைமையாசிரியர் நகத்துக்கும் சதைக்கும் இடைப்பட்ட எல்லையைக் கூர்ந்து பார்க்க வேண்டிவரும். அதற்கு அவர் பயிற்சி பெற்றவரல்லர். அதன்பின் ஏடு இல்லை.

4.3.1 மூன்றாம் உரைக்கு அரும்பத விளக்கம்

செல்லரித்த இடத்தில் இருந்திருக்க வேண்டியதை ஊகித்துத் தரும் விளக்கம் இது. மூலத்தை விட நீளமானது என்பதே இதன் பழமைக்குச் சான்று.

அக்காளும் தங்கையும் ஒரே ஷார்ட்ஸைத் திங்களும் செவ்வாயும் மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள் என்க. அக்காள் பாஸ்கெட்பால் ஆடுபவள், நீண்ட கை. தங்கைக்குக் குட்டைக் கை. திங்களன்று அந்த ஷார்ட்ஸ் சட்டவிரோதம், செவ்வாயன்று சட்டபூர்வம். துணி மாறவில்லை, தையல் மாறவில்லை, மாறியது எலும்பு. எனவே பள்ளி வாரியம் ஒழுங்குபடுத்துவது உடையை அன்று, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட எலும்பை. உயரமாக வளர்ந்துவிட்ட பெண்களுக்குக் கடைகளில் விதிக்குட்பட்ட ஷார்ட்ஸ் கிடைப்பதில்லை என்ற முறையீடு ஒவ்வொரு வசந்த காலத்திலும் எழுவதற்கும் வாரியங்கள் அதைக் கேளாதிருப்பதற்கும் இதுவே காரணம். வாரியத்துக்கு எலும்பின் மீது அதிகாரம் இல்லை. அந்தக் கூச்சத்தில் பேசாதிருக்கிறார்கள்.

4.4 நான்காம் உரை

நான்காமவர் ஒரே வரி எழுதினார்: “நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நின்றுகொண்டு அளக்கும் விதி இது.” உட்கார்ந்தால் ஷார்ட்ஸ் மேலேறும் என்பதை ஏழு பாடவேளையும் அறியும். நான்காமவருக்கு இதன்பின் எந்தக் கருத்தரங்கிலும் அழைப்பு வரவில்லை.

4.5 டாலர் நோட்டு

சில பள்ளிகளில் கையை நம்பாமல் ஒரு டாலர் நோட்டை முழங்கால் மேல் வைத்துப் பார்ப்பதுண்டு. அந்நோட்டின் நீளம் ஆறங்குலத்துக்குச் சற்று மேல். பணவீக்கம் தீண்டாத டாலர் அது ஒன்றே. நோட்டை நெடுக்காக வைப்பதா குறுக்காக வைப்பதா என்பதில் பள்ளிக்குப் பள்ளி வேறுபாடு உண்டு.

4.6 வரலாறு

தடை செய்யப்படும் பொருள் முதலில் ஜீன்ஸாக இருந்தது. செப்பு ஆணி அடித்த கால்சட்டைக்கு லீவை ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் 1873-இல் காப்புரிமை பெற்றபோது அது சுரங்கத் தொழிலாளியின் உடை. 1950-களில் மார்லன் பிராண்டோவும் ஜேம்ஸ் டீனும் திரையில் அதை மாட்டிக்கொண்டதும் பல பள்ளிகள் கதவடைத்தன. 1957-இல் லீவைஸ் நிறுவனம் ஜீன்ஸ் பள்ளிக்கு ஏற்றது என்று விளம்பரம் செய்தபோது பெற்றோர் எதிர்ப்புக் கடிதம் எழுதினர். இன்று பல பள்ளிகளில் வெள்ளிக்கிழமை ஜீன்ஸ் அணிவது ஆசிரியருக்குத் தரப்படும் சலுகை. சில இடங்களில் ஒன்றிரண்டு டாலர் நன்கொடை கொடுத்து அச்சலுகையை வாங்க வேண்டும். அப்படி வாங்கிய ஜீன்ஸோடு நடைவழியில் நிற்கும் ஆசிரியர், முட்டியில் கிழிந்த ஜீன்ஸோடு வருபவனை அலுவலகத்துக்கு அனுப்புகிறார்.

நீதிமன்றத்துக்கும் இதில் பங்குண்டு. வியட்நாம் போருக்கு வருந்தி 1965 டிசம்பரில் ஐயோவா மாநிலத்து டெமாய்ன் நகரில் மாணவர் சிலர் கையில் கறுப்புப் பட்டி கட்டி வந்தனர். பள்ளி அவர்களை வெளியே அனுப்பியது. 1969-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. பேச்சுரிமையைப் பள்ளி வாசலில் கழற்றி வைக்க வேண்டியதில்லை என்றது. அதே தீர்ப்பில், இந்த வழக்குக்கும் பாவாடை நீளத்துக்கும் முடியலங்காரத்துக்கும் தொடர்பில்லை என்று கவனமாக ஒதுங்கியும் கொண்டது. போர், அமைதி, அரசியல் சாசனம் ஆகியவற்றில் கருத்துச் சொல்லத் துணிந்த நீதிபதிகள் பாவாடை நீளம் வந்ததும் மேசைக்குப் பின்னால் போய்விட்டனர். அறிவாளிகள்.

4.6.1 அரசு ஆய்வு

அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2022 அக்டோபரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஏறத்தாழ 93 சதவீதப் பள்ளி மாவட்டங்களில் ஏதேனும் ஓர் உடை விதி உண்டு என்றும், உடை விதிகளில் ஏறத்தாழ 60 சதவீதம் மாணவரின் உடலையோ உடையையோ அளக்க வேண்டிய விதி கொண்டவை என்றும், பையன்களின் உடையை விடப் பெண்களின் உடையையே விதிகள் அதிகம் தடுக்கின்றன என்றும் அது கூறுகிறது. இது கற்பனை உரைகாரர் கூற்றன்று. பதின்வயதுப் பெண்ணின் அருகே பெரியவர் ஒருவர் அளவுகோலோடு வந்து நிற்பதை நாடாளுமன்றத்துக்குச் சொல்ல ஓர் அறிக்கை வேண்டியிருந்தது.

டெக்சாஸில் 2023-24 கல்வியாண்டில் கறுப்பின மாணவர் ஒருவர் தம் சடைகளைத் திரட்டித் தலைமேல் கட்டி வந்தார். அவிழ்த்துவிட்டால் அம்முடி புருவத்துக்கும் காது மடலுக்கும் கீழே இறங்கும் என்பது பள்ளியின் கணக்கு. ஆண்டின் பெரும்பகுதி அவர் வகுப்புக்கு வெளியே வைக்கப்பட்டார். இனத்தோடு இணைந்த முடியமைப்பைக் காரணம் காட்டிப் பாகுபடுத்தலாகாது என்ற சட்டம் அம்மாநிலத்தில் அதே ஆண்டுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. அச்சட்டம் முடியின் அமைப்பைத்தான் காக்கும், நீளத்தைக் காக்காது என்று 2024 பிப்ரவரியில் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். அவிழ்க்காத முடியை அவிழ்த்ததாகக் கொண்டு அளக்கும் இக்கலைக்கு உரை எழுதுமாறு நியமன உரைகாரர் நால்வரையும் கேட்டோம். நால்வரும் மறுத்துவிட்டனர்.

4.7 பரிகாரம்

விதி மீறியவருக்குப் பள்ளி அலுவலகம் இரவலாக ஒரு பெரிய டி-ஷர்ட் தரும். யானைக்குப் போர்த்தும் அளவு. அது இறங்கி இறங்கித் தொடையை மூடும். இதைத் தண்டனை என்று கருதியோர், 2019 வாக்கில் பெண்கள் தாமே காசு கொடுத்து அதே அளவு டி-ஷர்ட்டை வாங்கி, உள்ளே ஷார்ட்ஸ் இருப்பதே தெரியாமல் போட்டு வந்தபோது திகைத்தனர். ஷார்ட்ஸ் விரல் நுனியைக் கடக்கிறதா என்று இப்போது எப்படிப் பார்ப்பது? பார்ப்பதற்கு ஷார்ட்ஸே இல்லை. சில பள்ளிகள் ஷார்ட்ஸ் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று புது விதி போட்டன. மூடு என்று சொல்லி வந்த கல்வித்துறை, காட்டு என்று சொன்ன இந்தத் திருப்பம் தனி முனைவர் பட்டத்துக்குரியது.

5.0 தண்ணீர்க் குடுவை

40 அவுன்ஸ் கொள்ளும் ஸ்டான்லி குடுவை பாத்திரமா அணிகலனா? சென்ற ஆண்டுக் குடுவையை யாரும் தூக்குவதில்லை. ஆகவே அணிகலன்.

6.0 காலணி

க்ராக்ஸ் செருப்பின் பின்வார் முன்னே கிடந்தால் ஓய்வு நிலை, குதிகாலில் மாட்டினால் ‘ஸ்போர்ட்ஸ் மோடு’. இந்த நிலைமாற்றம் மணியடித்துப் பத்து நொடிக்குள் நிகழும்.

7.0 பனியில் முழங்கால்

ஜனவரியில் மினசோட்டாவில் மூக்குமயிர் உறையும். அந்தக் காலையில் ஹூடியும் ஷார்ட்ஸுமாகப் பனிக்குவியலைத் தாண்டி வரும் பையன்களை நாட்டின் வடமாநிலங்கள் எங்கும் காணலாம். முழங்கால் இளஞ்சிவப்பு. முகத்தில் துறவியின் அமைதி. ஆகஸ்டில் வெயில் கொளுத்தும்போது இதே பையன் ஹூடியின் தலைமூடியைக் கழற்ற மாட்டான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வெப்பநிலையும் உடையும் நேர்விகிதத்தில் இயங்குவது புலப்படும்.

கவனிக்க: இவர்கள் ஷார்ட்ஸ் பாஸ்கெட்பால் வகை, முட்டி வரை தொங்குவது. விரல்நுனி விதி இவர்களை ஒருநாளும் தொட்டதில்லை. பள்ளி எதிர்க்காததால் இவர்கள் எதிர்ப்பதற்கு வானிலை ஒன்றே மிஞ்சியது.

இதுபற்றித் தகவலாளர் 1-உடன் நடத்திய நேர்காணல் முழுமையாகத் தரப்படுகிறது.

“அந்தப் பையன் ஏம்மா ஷார்ட்ஸ் போட்டிருக்கான்?”
“அப்பா, பாக்காதீங்க.”
“குளிராதா அவனுக்கு?”
“அப்பா, கண்ணாடிய ஏத்துங்க.”
“ஒரு கோட்டு வாங்கிக் குடுக்க மாட்டாங்களா வீட்டுல?”
“கோட்டு இருக்குப்பா. பேக்ல இருக்கு. அவங்கம்மா வச்சு விட்ருப்பாங்க.”

நேர்காணல் இத்துடன் முறிந்தது. ஆயினும் கடைசி விடை விலைமதிப்பற்றது. இவ்விடத்தில் இதுவரை மறைந்திருந்த ஐந்தாம் உரைகாரரை அழைக்க வேண்டியுள்ளது. இவருடைய நூல் கிடைக்கவில்லை. நூலை மறுத்து எழுந்த நூலும் கிடைக்கவில்லை. மறுப்பு நூலுக்கு ஒரு துணைவேந்தர் எழுதிய அணிந்துரை மட்டும் எஞ்சியுள்ளது. அணிந்துரை, அதன் இயல்புப்படி, நூலைப் படிக்காமல் எழுதப்பட்டிருப்பதால் ஐந்தாமவர் கருத்து அதில் திரிபின்றிப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். அதன்படி கோட்டு அணியாமைக்குக் காரணம் வீரமும் அன்று, வறுமையும் அன்று, இடமின்மை. கார் கதவிலிருந்து பள்ளிக் கதவுக்கு இரண்டு நிமிட நடை. உள்ளே சூடேற்றிய கட்டடம். லாக்கர் ஒரு மூலையில், வகுப்பு இன்னொரு மூலையில், இடையே கிடைப்பது சில நிமிடங்கள். தடித்த கோட்டை லாக்கரில் வைக்க ஓடினால் வகுப்புக்குத் தாமதம், சுமந்தால் நாள் முழுக்க ஒரு கரடியைக் கையில் பிடித்திருக்க வேண்டும். இரண்டு நிமிடக் குளிரா, ஏழு மணி நேரக் கரடியா என்று கணக்கிட்டுப் பையன் குளிரைத் தேர்கிறான். இயற்பியல் தேர்வில் இவ்வளவு தெளிவாக அவன் கணக்குப் போட்டதில்லை.

இவ்விளக்கம் ஷார்ட்ஸுக்குப் பொருந்தாதே என்பர். பொருந்தாது. அணிந்துரை அத்துடன் முடிகிறது.

8.0 சாமந்தி

டெக்சாஸ் வரையறைக்கு அப்பாற்பட்ட மாநிலம் ஆதலின் அதற்குத் தனி இயல். அங்கே இலையுதிர் காலத்து ஹோம்கமிங் விழாவின் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின்போது பையன் தன்னோடு வரும் பெண்ணுக்குச் சாமந்தி தருவான். ஆதியில் அது ஒரு பூவும் நாலு ரிப்பனும். பூ வாடுகிறது என்று செயற்கைப் பூவாக்கினார்கள். வாடாத பூ வளரத் தொடங்கியது. ஒன்று இரண்டாகி மூன்றாயிற்று. ரிப்பன் இடுப்பைக் கடந்து முழங்காலைக் கடந்து தரையைத் தொட்டது. இடையிடையே மணிகள், பின்னல்கள், இருவர் பெயரும் மின்னும் எழுத்தில், நடுவே ஒரு கரடிப் பொம்மை, வசதியுள்ள வீட்டில் பேட்டரி விளக்கு. சட்டையில் குத்தினால் சட்டை கிழியும் என்பதால் கழுத்தில் மாட்டுகிறார்கள். சீனியருக்கு வெள்ளையும் வெள்ளி நிறமும் வழக்கு. பையனுக்கு இதன் குட்டி வடிவம் புயத்தில். பல வீடுகளில் தாய்மார் வாரக்கணக்கில் பசைத் துப்பாக்கியோடு உட்கார்ந்து செய்வர். விலைக்கு வாங்கினால் சில நூறு டாலர் வரை போகும்.

ஆட்ட நாளன்று பெண்கள் இதை மாட்டிக்கொண்டே பள்ளி நடைவழியில் வருவர். அவர்கள் வருவதற்கு முன் மணியோசை வரும். மோவாய் முதல் முழங்கால் வரை பூவும் ரிப்பனும் மறைத்திருப்பதால் உள்ளே அரைக்காற் சட்டை எந்த நீளத்தில் உள்ளது என்பதை உதவித் தலைமையாசிரியர் அறிய வழியில்லை. கை தொங்குவதற்கும் இடமில்லை. முதல் உரைகாரர் இதையும் “புறனடை” என்பார்.

9.0 மேலாய்வுக்குரியன

கருதுகோள் நிறுவப்பட்டது. ஆய்வாளர்கள் மேற்கொண்டு செல்லத்தக்க களங்கள்: ப்ராம் நடன இரவுக்குப் பெண்ணின் ஆடைத் துணித் துணுக்கைப் பையில் வைத்துக்கொண்டு அதே நிறத்தில் டை தேடி அலையும் பையனின் உளவியல், இயர்ஃபோன் ஒரு காதில் மட்டும் இருத்தல், மற்றக் காதால் ஆசிரியரைக் கேட்பதாகத் தோன்றுதல், ஜென்கோ நிறுவனத்தின் இருபது அங்குல வாய் கொண்ட 1990-களின் ஜீன்ஸ் திரும்பி வந்திருக்க, அதை அன்று அணிந்து திட்டு வாங்கியவர்கள் இன்று பெற்றோராகித் திட்டுதல். இவற்றுள் எதையும் பன்னாட்டு ஆய்விதழ்கள் ஏற்கும். கட்டணம் முன்கூட்டியே செலுத்த வேண்டும்.

அடுத்த கட்டக் கள ஆய்வுக்குத் தகவலாளர் 1 ஒப்புதல் அளித்துள்ளார். நிபந்தனை ஒன்றே: களம் வேறு பள்ளி மாவட்டத்தில் இருக்க வேண்டும்.